சிக்னாகி: ஊரைவிட மதில் பெரிதாக இருக்கிறதே, ஏன்?

ஊர்சுற்றி:
ஜார்ஜியா போயிருந்தபோது திபிலிசியில் வேன் பிடித்து இரண்டு மணி நேரத்தில் சிக்னாகியில் இறங்கினேன். கல் பாவிய தெரு, செதுக்கு வேலை செய்த மரப் பால்கனி, கீழே அலசானி பள்ளத்தாக்கு, அதற்கும் அந்தப்பக்கம் பனி மூடிய காகசஸ். வீடுகள் கொஞ்சம்தான், மதில் மட்டும் மலைமேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது, உள்ளே பெரும்பகுதி மரமும் புதரும். பெரிய நகரமாக இருந்து அழிந்துபோனதா?

திண்ணைவாசி:
அழிந்ததெல்லாம் இல்லை. அந்த மதில் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கட்டியதே கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் தாகெஸ்தான் மலைகளிலிருந்து லெஸ்கிக் கூட்டங்கள் இறங்கிவந்து ஆடுமாட்டோடு ஆட்களையும் பிடித்துப் போய் விற்றுவிடுவார்கள். அதற்காகத்தான் அரசர் இரண்டாம் எரெக்லே இதைக் கட்டினார், 4 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 23 கோபுரங்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெயரையே கோபுரங்களுக்கு வைத்திருக்கிறார்கள், ஆபத்து என்றால் ஊரே உள்ளே ஓடிவந்துவிடும். ஊர்ப் பெயரே 'அடைக்கலம்' என்ற பொருளுள்ள துருக்கியச் சொல்லிலிருந்து வந்ததுதான். அத்தனை ஜனத்துக்கும் இடம் வேண்டாமா?

பழையகல்:
மேலே சொன்னது சரி. 1801இல் ரஷ்யா கிழக்கு ஜார்ஜியாவைச் சேர்த்துக்கொண்ட பிறகு மதிலுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் 1812இல் சிக்னாகி இருக்கும் காகேதிப் பகுதி மக்கள் ரஷ்யர்களுக்கு எதிராகவே கிளம்பியபோது சிக்னாகியைப் பிடித்தார்கள், அடைக்கலத்துக்குக் கட்டிய ஊரில் அப்படியும் ஒரு சண்டை. ஒன்று சொல்லணும், நீங்கள் பார்த்த பளபளப்பு பழசு இல்லை. 2007 வாக்கில் அரசு செலவழித்துச் சுற்றுலாவுக்காகப் புதுப்பித்தது. பால்கனியைப் பார்த்து மயங்க வேண்டாம், மதில்தான் அசல் சரக்கு.

மலைப்பாதை:
போட்பே மடத்தைப் பார்த்தீர்களா? 2 கிலோமீட்டர்தான். ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவம் கொண்டுவந்த புனித நீனோவின் கல்லறை அங்கேதான். அப்புறம் ஊர் அருங்காட்சியகத்தில் பிரோஸ்மானி ஓவியங்கள் இருக்கின்றன, அவர் பக்கத்து மிர்சானிக் கிராமத்துக்காரர்.

ஊர்சுற்றி:
மடத்தை விட்டுவிட்டேன், சே. அப்போ அந்தப் புதர்க்காட்டில்தான் ஆடுமாட்டோடு குடும்பம் குடும்பமாகக் கிடந்திருப்பார்கள் போல. திராட்சைச் சாறில் முக்கிய வால்நட் சரத்தை, அதாங்க சுர்ச்கெலா, அங்கே உட்கார்ந்துதான் கடித்துக்கொண்டிருந்தேன்.