எது பொத்தான், எது வெறும் எழுத்து? படகுப் பதிவுச் செயலியில் ஒரு சிக்கல்

கேள்வி: நிலாவெளிப் பெண்

வணக்கம். நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுக்காரர்கள் சிலருக்காக, உலாவியில் இயங்கும் பதிவுச் செயலி ஒன்றைச் செய்கிறேன். திரைகளை வடிவமைப்பாளர் ஒருவர் வரைந்து தந்தார். பார்க்க அழகுதான். ஆனால் கரையில் யாரிடம் கொடுத்தாலும் "இடமுண்டு" என்பதைத்தான் அழுத்துகிறார்கள். அது வெறும் தகவல். பச்சைப் பெட்டிக்குள், ஓரம் வளைந்து, அடியில் நிழலோடு நிற்கிறது. அழுத்த வேண்டிய "உறுதிசெய்" வெள்ளையில் மெல்லிய சாம்பல் எழுத்து; அதை ஒருவரும் தொடுவதில்லை. பெரியவர் ஒருவர், "பிள்ளை, இது பழுது" என்று கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார். வடிவமைப்பாளரோ "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார். அவரிடம் எதைக் காட்டி வாதிடலாம்?

மறுமொழி: கிண்ணியா வாசகன்

அந்தப் பெட்டியையும் நிழலையும் பிடுங்கி "உறுதிசெய்"க்குக் கொடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

மறுமொழி: உள்துறைமுகம்

தங்கச்சி, "பழகிவிடும்" என்பதை ஏற்காதீர்கள். படகுக்காரர் பழகலாம். விடுமுறைக்கு வந்து ஒரே ஒரு முறை பதிவுசெய்யும் பயணி எப்போது பழகுவார்?

அழுத்தக்கூடியது, தொடுவதற்கு முன்பே அப்படித் தெரிய வேண்டும். அழுத்த முடியாதது அந்த வேடம் போடக் கூடாது. பின்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பச்சைப் பெட்டியை அழுத்தி ஒன்றும் நடக்காதபோது, அந்தப் பெரியவர் செயலியே பழுது என்று முடிவுகட்டிவிட்டார். பிறகு சரியான பொத்தானைக் காட்டினாலும் அவருக்கு நம்பிக்கை வராது.

ஆப்பிள் நிறுவனமே இதில் பின்வாங்கியிருக்கிறது. 2013இல் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோது பல பொத்தான்கள் விளிம்பிழந்து வெறும் நிற எழுத்தாயின. அடுத்த ஆண்டே, 7.1இல், பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் தெரிவொன்றை அமைப்புகளில் சேர்த்தார்கள். இணைய அணுகுதன்மை வழிகாட்டியும் உண்டு: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும். 2018இல் வந்த 2.1 பதிப்பின்படி, பொத்தான் போன்ற கட்டுப்பாட்டை அடையாளம் காட்டும் விளிம்புக்கு 3:1. வெள்ளையில் #999999 என்ற நிறக்குறியீட்டுச் சாம்பல் 3:1ஐக்கூட எட்டாது. அதுவும் அறைக்குள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், நிலாவெளி மணலில், நண்பகல் வெயிலில் அந்த எழுத்து இருப்பதே தெரியாது.

பொத்தானை நிரப்பிய நிறத்தில், தடித்த எழுத்தோடு போடுங்கள். உயரம் 48 டிபி (திரையின் அடர்த்தி மாறினாலும் அளவு மாறாத அலகு). ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் அளவு அது, ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். உப்புத் தண்ணீர் பட்ட விரலுக்கு அதைவிடப் பெரிதாக இருந்தாலும் நல்லது. அகலத்தை மட்டும் இறுக்கிக் கட்டாதீர்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் தமிழ் "உறுதிசெ…" என்று அறுந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

நிலாவெளிப் பெண்

நன்றி அண்ணா. "விதிமுறைகளை வாசிக்க" என்ற இணைப்பு பத்தியின் நடுவே வருகிறது. அடிக்கோடு போட்டால் கு, மு போன்ற எழுத்துகளின் கால்களை வெட்டுகிறது. கோட்டை எடுத்துவிட்டு நீல நிறத்தை மட்டும் விடலாமா?

உள்துறைமுகம்

வேண்டாம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது பத்தியோடு கரைந்துவிடும். கோடு இருக்கட்டும், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் அடிக்கோட்டைக் கீழே தள்ளும் பண்பு இருக்கிறது. எழுத்தின் கால் முடிந்த பிறகு கோடு வருமாறு தள்ளி, வரியிடைவெளியையும் சற்றுக் கூட்டுங்கள்.

மறுமொழி: கிண்ணியா வாசகன்

இன்னொன்று. "உறுதிசெய்" உண்மையான எச்டிஎம்எல் பொத்தானா, சொடுக்கு நிகழ்வு பொருத்திய வெறும் டிவ் பெட்டியா என்று நிரலைப் பாருங்கள். டிவ்வாக விட்டால், பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று அறிவிக்காது. விசைப்பலகையாலும் அதை எட்ட முடியாது. வடிவமைப்பாளரிடம் பேசப் போகும்போது அவரையும் வெயிலில் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.