டிஎஃப் 47 ஜிபி என்கிறது, டியு 21 ஜிபி என்கிறது: மீதி எங்கே?

கேள்வி:
லினக்ஸ் சர்வர், ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பகுதி, /) 49 ஜிபி, ஃபைல்சிஸ்டம் இஎக்ஸ்டி4. டிஎஃப் -எச் (பார்ட்டிஷனின் இடக் கணக்கைக் காட்டும் கட்டளை) போட்டால் 47 ஜிபி நிரம்பியிருக்கிறது, காலி இடம் 0. ரூட்டாக (நிர்வாகி பயனராக) நுழைந்து டியு -எஸ்எக்ஸ்எச் (ஃபைல்களின் அளவைக் கூட்டிக் காட்டும் கட்டளை) போட்டால் மொத்தமே 21 ஜிபிதான். பெரிய லாக் ஃபைல் ஒன்றை ஆர்எம் கொடுத்து அழித்தும் டிஎஃப் அசையவில்லை. அதுவும் போக, 49-இல் 47 போனால் 2 மிச்சம் வர வேண்டாமா?

பதில் 1:
அழித்த லாக்தான் முதல் சந்தேகம். ஆர்எம் எடுப்பது பெயரை மட்டும். ஏதாவது ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை அது பிடித்த பிளாக்குகள் (டிஸ்க் இடம்) விடுபடாது. டியு ஒவ்வொரு டைரக்டரியாகப் போய்க் கூட்டுவது. பெயர் இல்லாதது அதன் கண்ணில் படாது. டிஎஃப் நேராக ஃபைல்சிஸ்டத்தின் கணக்கைக் கேட்டு வாங்குகிறது.

ரூட்டாக எல்எஸ்ஓஎஃப் +எல்1 போடுங்கள்; அழித்தும் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்களை அது பட்டியலிடும். சைஸ் பெரிதாக உள்ள வரியில் பிஐடி (புராசஸ் எண்) 1432, எஃப்டி (அது திறந்த ஃபைலின் எண்) 7டபிள்யூ என்று இருந்தால், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலே இடம் திரும்பிவிடும். நிறுத்தவே முடியாத சர்வீஸா? > /புராக்/1432/எஃப்டி/7 என்று கொடுத்து உள்ளடக்கத்தைக் காலி செய்யலாம். அப்பெண்ட் முறையில் (எப்போதும் ஃபைலின் கடைசியில் சேர்க்கும்படி) திறக்காத புராசஸ் விட்ட இடத்திலிருந்தே எழுதும். அதனால் எல்எஸ்ஓஎஃப் மறுபடி பழைய பெரிய சைஸைக் காட்டும். பயப்பட வேண்டாம், முன்பகுதி வெறும் ஓட்டை, டிஸ்கில் இடம் பிடிக்காது.

பதில் 2:
அந்த 2 ஜிபி: இஎக்ஸ்டி4 வழக்கமாக 5% பிளாக்குகளை ரூட் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கும். டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்து 1% ஆகக் குறைக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் 0 மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
எல்எஸ்ஓஎஃப்-இல் சிக்கியது 9 ஜிபி. ரீஸ்டார்ட்டுக்குப் பின் டிஎஃப் 38 காட்டுகிறது. இன்னும் 17 இடிக்கிறது.

பதில் 1:
அப்படியானால் மவுண்ட் பாயிண்ட்டுக்கு (வேறு டிஸ்க் வந்து இணையும் டைரக்டரிக்கு) அடியில் தேடுங்கள். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாத ஓர் இரவில் ஸ்கிரிப்ட் ஓடியிருந்தால், எல்லாம் ரூட் பார்ட்டிஷனில் இருக்கும் அதே பெயருள்ள டைரக்டரியில் விழுந்திருக்கும். பிறகு டிஸ்க் மேலே வந்து உட்கார்ந்ததும் அவை மறைந்துவிடும். ரூட் பார்ட்டிஷனை மட்டும் /எம்என்டி-இல் இன்னொரு முறை காட்டினால் அவை தெரியும்:

மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி
டியு -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=2 /எம்என்டி

--ஆர்பைண்ட் வேண்டாம், அது மேலே உள்ள மவுண்ட்களையும் சேர்த்தே கொண்டுவரும்.

கேட்டவர்:
/எம்என்டி/பேக்கப், 17 ஜிபி. அங்கேதான் இருந்தது.

பதில் 2:
அழித்த கையோடு, டிஸ்கை அன்மவுண்ட் செய்து, அந்தக் காலி டைரக்டரிக்கு சிஹெச்ஆட்டர் +ஐ (உள்ளே எதையும் எழுத விடாமல் பூட்டும் கட்டளை) போட்டுவிடுங்கள். அடுத்த முறை மவுண்ட் தவறினால் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்கும்.