புதுப்பிப்பு: பார்டர்லைன் சந்தேகம், மகளின் நள்ளிரவுப் போன் சண்டைகள்

வளர்ந்த மகள் நள்ளிரவில் போனில் கத்துவதை எப்படிக் கையாள்வது என்று கேட்டிருந்தேன். அவளுக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கும், கைவிடப்படுவோமோ என்ற பயம் வாட்டும் மனநலப் பிரச்சினை) இருக்குமோ என்பது என் சந்தேகம். பதிலளித்தவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, ‘குற்றச்சாட்டோடு வாதாடாதீர்கள், உணர்வை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற யோசனைதான். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றால் சண்டை நீளும். “உனக்கு ரொம்ப வலிச்சிருக்கும்மா” என்றால் குரல் இறங்கும். எல்லை அதற்குப் பிறகுதான்: “கத்தினா வெச்சிடுவேன், காலையில பத்து மணிக்கு நானே கூப்பிடுறேன்.” சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும். தவறினால் கைவிட்டுவிட்டார்கள் என்ற பயம் கிளறும்.

எதிர்பாராதது, அழைப்புகள் முதலில் கூடின. அப்போது இறங்கிவந்தால், இன்னும் கத்தினால் பலிக்கும் என்றே பதியும். தற்கொலைப் பேச்சுக்கு மட்டும் இந்த எல்லை பொருந்தாது. நேரடியாகக் கேட்டு, தனியே விடாமல், உடனே அவசர உதவி.

நோயின் பெயரை எடுக்காமல் தூக்கமின்மையைச் சொல்லி அழைத்ததில் மனநல மருத்துவரிடம் வந்தாள். டிபிடி (உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் பேச்சு சிகிச்சை) தொடங்கியிருக்கிறது, முழுப் பயிற்சி வழக்கமாக ஓராண்டு.