கடினமான நாவல்களில் அப்படி என்னதான் கிடைக்கிறது?

பாதியில்நின்றவன்:
ஃபாக்னரின் 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' (1929) முதல் பகுதியைத் தாண்ட முடியவில்லை. எந்த வருடம் நடக்கிறது என்றே பிடிபடவில்லை. குவென்டின் ஓரிடத்தில் ஆண், இன்னோரிடத்தில் பெண்! இதோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நிஜமாகவே ஏதாவது கிடைக்கிறதா, இல்லை படித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவா?

ஓரக்குறிப்பு:
சொல்லிக்கொள்ளவே படிக்கிறவர்கள் உண்டு. அவர்களை எனக்கும் ஆகாது. ஆனால் இந்த நாவலை அதற்காக ஒதுக்காதீர்கள்.

குவென்டின் இரண்டு பேர்: தாய்மாமனும் மருமகளும். முதல் பகுதியைச் சொல்கிற பென்ஜி, மனவளர்ச்சி குன்றியவன். அவனுக்கு 33 வயது, ஆனால் முன்பு, இப்போது என்ற பாகுபாடு கிடையாது. வேலியில் துணி மாட்டிக்கொண்டால், சின்ன வயதில் அக்கா கேடி அதை எடுத்துவிட்டது அந்தக் கணமே மறுபடி நடக்கிறது. அவனை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். வெர்ஷ் என்றால் சிறுபிள்ளை, டி.பி. என்றால் பெரும்பாலும் பதின்வயது, லஸ்டர் என்றால் கதையின் நிகழ்காலமான 1928 ஏப்ரல். சாய்வெழுத்து வந்தால் காலம் தாவுகிறது என்று உஷாராகிவிடலாம்.

வெறும் புதிர் என்றால் நானும் மூடி வைத்திருப்பேன். நாவலில் நான்கு பகுதிகள். மூன்றை மூன்று சகோதரர்கள் சொல்கிறார்கள், நான்காவது ஆசிரியர் கூற்று. கேடிக்கு ஒரு பகுதியும் இல்லை. ஒருவன் அவளுக்காக அழுகிறான், ஒருவன் குடும்ப மானம் என்று மாய்கிறான், ஜேசன் வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். இந்த மூன்றிலிருந்தும் அவளை நாம்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஜேசன் பகுதிக்கு வந்தபோது எனக்கு அப்படியொரு கோபம். கேடி நல்லவள் என்று யாரும் என்னிடம் வக்காலத்து வாங்கவில்லை. பென்ஜியோடு திக்குத் தெரியாமல் அலைந்ததில், அவன் அவளை எப்படித் தேடுகிறான் என்று எனக்கே தெரிந்திருந்தது. நேர்வரிசையில் சொல்லியிருந்தால் ஜேசனின் புலம்பலில் பாதியை நம்பியிருப்பேன்.

மெதுவாசிப்பு:
வெர்ஜீனியா வுல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' (1927) நாவலிலும் இதே கதைதான். கதையின் மையமான திருமதி ராம்சேயின் மரணம் அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் வந்துபோகும். நான் கவனிக்காமல் தாண்டிவிட்டுத் திரும்பி ஓடினேன். பக்கம் பக்கமாக எழுதிய மரணக் காட்சிகள் எதுவும் என்னை அப்படி உலுக்கியதில்லை.

பாதியில்நின்றவன்:
ஃபாக்னரே பிற்பாடு ஒரு பின்னிணைப்பு எழுதியிருக்கிறாராமே, அதை முதலில் படித்துவிடலாமா?

ஓரக்குறிப்பு:
1946-இல் வெளியானது. அது யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று போட்டு உடைத்துவிடும். ஜேசன் பகுதியையாவது முடித்துவிட்டு அதைத் தொடுங்கள்.