சொல்லாமல் விட்ட அனுமானத்தைப் பிடிப்பது: உங்கள் அனுபவம்?

ஜிமேட் (மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு) போன்ற தேர்வுகளில் ஒரு சிறு வாதத்தைக் கொடுத்து, அது சொல்லாமல் நம்பியிருக்கும் அனுமானம் எது என்று விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்த விடைகளைப் படிப்பதற்கு முன்னாலேயே வாதத்தின் முடிவு எந்த வாக்கியம் என்று குறித்துவிட வேண்டும். அது கடைசியில்தான் வரும் என்றில்லை, முதல் வரியிலேயே இருக்கலாம். அடுத்து, ஆதாரத்தில் இல்லாமல் முடிவில் மட்டும் தலைகாட்டும் கருத்தைத் தேடுங்கள். "தொழிற்கூடத்தில் பிரகாசமான விளக்குகள் மாட்டிய பின் விபத்துகள் குறைந்தன. எனவே குறைந்ததற்கு விளக்குகளே காரணம்." ஆதாரம் சொல்வது முன்பின் வரிசையை மட்டும். காரணம் என்பது முடிவில் புதிதாக நுழைந்தது. விடுபட்ட கண்ணி அங்கேதான்.

---

அதே கேள்வியை வைத்தே எதிர்மறைச் சோதனையைச் சொல்கிறேன். விடையை மறுத்துப் பாருங்கள், முடிவு விழுந்தால் அதுதான் அனுமானம். "விபத்துக் குறைவு முழுவதும் வேலை நேரக் குறைப்பால் வந்ததல்ல" என்பதை மறுத்தால், எல்லாம் வேலை நேரக் குறைப்பால் வந்தது என்றாகிறது. முடிவு காலி. "விபத்தைக் குறைக்க விளக்கைத் தவிர வேறு வழியே இல்லை" என்பதை மறுத்தால் வேறு வழியும் உண்டு என்று வரும், முடிவு அசையாது. பலரும் ஏமாறுவது இந்த இரண்டாவதில்தான். வாதத்தைத் தாங்கிப் பிடிப்பது போலத் தெரியும், ஆனால் வாதத்துக்கு அவ்வளவு பெரிய கூற்று தேவையே இல்லை.

மறுப்பதிலும் கவனம் வேண்டும். "எல்லாரும்" என்பதன் மறுப்பு "ஒருவராவது இல்லை", "யாருமே இல்லை" அல்ல. "சிலர்" என்பதற்குத்தான் "ஒருவர்கூட இல்லை".

---

விகிதமும் எண்ணிக்கையும் கலந்து வரும் கேள்விகளையும் சேர்க்க வேண்டும். நூலக உறுப்பினர்களில் நாவல் எடுப்பவர்கள் 40 சதவீதத்திலிருந்து 30 ஆனார்கள், எனவே நாவல் எடுப்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது என்கிறது ஒரு வாதம். உறுப்பினர்கள் 1,000 பேராக இருந்தபோது 400 பேர் எடுத்தார்கள். இப்போது உறுப்பினர்கள் 2,000 என்றால் 600 பேர் எடுக்கிறார்கள், கூடியிருக்கிறது! மொத்த உறுப்பினர்கள் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பெருகவில்லை என்பதுதான் இங்கே சொல்லாத அனுமானம். சின்ன எண்களைப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

---

ஜிமேட் எழுதுபவர்களுக்கு நேரக் கணக்கு: மொழித்திறன் பிரிவில் 45 நிமிடத்துக்கு 23 கேள்விகள், சராசரியாக ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஐந்து விடைகளையும் மறுத்துப் பார்க்கப் புகுந்தால் பின்னால் வரும் கேள்விகள் அடிபடும். முடிவோடு ஒட்டாதவற்றை முதல் வாசிப்பிலேயே கழித்துவிட்டு, மிஞ்சும் இரண்டுக்கு மட்டும் சோதனையை வையுங்கள்.