புதுப்பிப்பு: அப்பாவோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வந்தோம்

முழங்கால் வலி உள்ள அப்பாவைக் கூட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனால் ஒரே நாளில் என்னென்ன பார்க்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சனிக்கிழமை போய் வந்துவிட்டோம். சுமார் 80 கிலோமீட்டர்தான்.

முதலில் ரயில் நிலையம். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் காந்தியை இறக்கிவிட்ட இடம். அதைச் சொல்லும் பலகையை அப்பா விரலால் தடவித் தடவிப் படித்தார். "இந்தக் குளிர்லயா ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்?" என்று கேட்டுவிட்டு ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அங்கேயே அரை மணி நேரம் ஆகிவிட்டது. அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஹோவிக் அருவி. நிறைய இறங்க வேண்டியிருக்கும், வேண்டாம் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். மேலே நின்றபடியே 95 மீட்டர் அருவி முழுதாகத் தெரிகிறது, கவலை வேண்டாம்.

பக்கத்திலேயே மண்டேலா 1962 ஆகஸ்ட் 5 அன்று பிடிபட்ட இடம். இதைக் கட்டாயம் பாருங்கள். 50 எஃகுத் தூண்கள். கிட்டே போனால் வெறும் கம்பிகள். பாதையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் சட்டென்று அவர் முகம் கூடி வருகிறது; ஓர் எட்டு நகர்ந்தால் கலைந்துவிடுகிறது. அப்பா வலியை மறந்து நான்கு முறை முன்னும் பின்னும் நடந்தார்.

டூசி படகுப் போட்டி பற்றிக் கேட்ட தம்பிக்கு: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை, மூன்று நாள், கோடையில் நடக்கும்.

மாரியம்மன் கோயிலுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. புனித வெள்ளி தீமிதிக்கு வந்துவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.