காஷ்காயா, கம்சேயா?

பழைய பாரசீகக் கம்பளம் பார்த்துப் பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்களேன். என்னிடம் இருக்கும் கம்பளத்தை, ஈரானில் ஷிராஸ் பக்கத்து நாடோடிகள் நெய்தது, 1850-ஐச் சேர்ந்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். காஷ்காய், கம்சே இரண்டும் அந்தப் பக்கத்து நாடோடிக் கூட்டங்கள்.

நடுவில் கோழி மாதிரி குட்டிக் குட்டிப் பறவைகள். அதை வைத்துக் கம்சே என்கிறார் நண்பர். காஷ்காய்க்காரர்களும்தான் பறவை போடுவார்கள்! புரட்டிப் பார்த்தால் பாவு (நீளவாட்டு நூல்) வெள்ளைக் கம்பளி, ஊடை (குறுக்கு நூல்) சிவப்பு. நீலம் ஓரிடத்தில் சட்டென வெளிறி, நாலு விரல் தள்ளி மறுபடி கறுக்கிறது. வேறு வேறு முறை சாயம் தோய்த்த நூல் போலிருக்கிறது. எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

முடிச்சு, ஓரக்கட்டு இவற்றில் எதைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது?

அப்புறம், கரையில் ஓர் ஆரஞ்சு நிறம் கண்ணைக் குத்துகிறது. செயற்கைச் சாயமே 1856-இல்தான் வந்தது, அதனால் வயது விஷயத்தில் சந்தேகம். ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தால் ஏதாவது தெரியுமா?